இருபது காசுப் பிளாஸ்டிக்கைத் தேடி மூன்று மாதம்

மருத்துவமனை வார்டில் நோயாளியின் கையில் டிரிப் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மருந்துப் பையிலிருந்து இறங்கி வரும் குழாய், கையில் குத்தியிருக்கும் ஊசியோடு சேரும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். திருகினால் பூட்டிக்கொள்ளும். அதற்கு லூயர் இணைப்பான் என்று பெயர். ஜெர்மனியில் செய்த ஊசிக்குழலும் பினாங்கில் செய்த குழாயும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்றால், இந்தச் சின்னக் கூம்பின் சாய்வு 6 விழுக்காடு என்று அனைத்துலகத் தரமாக வரையறுத்து வைத்திருப்பதுதான் காரணம். ஐ.எஸ்.ஓ. 80369 தரத்தின் 7-ஆம் பகுதி இதற்கென்றே இருக்கிறது.

அந்தத் தரவரிசை பிறந்த கதை சோகமானது. மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய்க்கும், ரத்த நாளத்தில் மருந்து செலுத்தும் குழாய்க்கும் ஒரே மாதிரி முனை இருந்த காலத்தில், அவசரத்தில் ஒன்றை மற்றொன்றில் மாட்டி நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். வயிற்றுக்குப் போகவேண்டிய பாலுணவு ரத்தத்தில் கலந்தால் பிழைப்பது கடினம். அதனால் உணவுக் குழாய்க்கு ஒரு வடிவம், ரத்த நாளக் குழாய்க்கு வேறு வடிவம் என்று பிரித்தார்கள். தவறுதலாக மாட்டும் வாய்ப்பு இதனால் வெகுவாகக் குறைந்தது.

இந்த இணைப்பானை மொத்தமாக வாங்கினால் ஒன்றின் விலை இருபது காசைத் தொடாது. அதைச் செய்துதரச் சரியான தொழிற்சாலையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. சிலாங்கூரில் உள்ள ஒரு சிறிய மருத்துவக் கருவி நிறுவனத்தில் நான் விநியோகிப்பாளர் தரப் பொறியாளராக வேலை செய்கிறேன். எங்களுக்கு உதிரிப் பாகம் செய்துதரும் தொழிற்சாலைகளைத் தேடுவது, நேரில் போய்ப் பார்ப்பது, அவர்கள் அனுப்பும் பொருள் சொன்னபடி இருக்கிறதா என்று கவனிப்பது, இவைதான் என் வேலை. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எங்கள் இடைநிலைப்பள்ளியில் யாரும் சொன்னதில்லை. டாக்டர், வழக்கறிஞர், ஆசிரியர் என்பதற்கு அப்பால் எங்கள் வீட்டிலும் பேச்சு போனதில்லை.

நான் குடியிருப்பது புஞ்சாக் ஆலாமில். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம்தான். எங்கள் குடும்பமும் பால்மரம் வெட்டிய குடும்பம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு தாமான்கள் எழுந்தபோது, வேலை தேடிய பெண்கள் பலரை ஏற்றிக்கொண்ட பேருந்துகள் கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் போயின. 1988-இல் தொடங்கிய ஹார்தாலேகா நிறுவனத்தின் ஆலைகள் பெஸ்தாரி ஜெயாவில் இருந்தன. பழைய ஆட்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் புரியும். நைட்ரில் கையுறையில் உலகச் சந்தையைப் பிடித்த நிறுவனம் அது. 2023-இல் அந்த ஆலைகளை மூடுவதாக அறிவித்து, உற்பத்தியைச் சிப்பாங்கில் குவித்தது. கிள்ளான் பக்கம் மேருவில் டாப் கிளவ், கோசான் போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன.

என் அத்தை ஒருவர் கையுறை ஆலையில் தண்ணீர்ச் சோதனைப் பிரிவில் இருந்தார். கையுறையைத் தொங்கவிட்டு அதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உடனே ஒருமுறையும் இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறையும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு தொகுதியில் இத்தனை சாம்பிள் எடுத்தால் இத்தனைக்குமேல் ஓட்டை இருக்கக்கூடாது என்று கணக்கு உண்டு. மீறினால் தொகுதி முழுவதும் நிறுத்தப்படும். "ஒரு சின்ன ஓட்டைக்கு ஒரு லோரி சரக்கே நின்னு போயிரும்" என்பார் அத்தை. புள்ளியியல் மாதிரிச் சோதனை என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இதைத்தானே அத்தை சோறு போட்டுக்கொண்டே சொன்னார் என்று தோன்றியது.

கையுறை பால்மரத்துப் பாலில் வருவதாகத்தான் பலர் இன்னமும் நினைக்கிறார்கள். நைட்ரில் கையுறைக்கு மூலப்பொருள் பெட்ரோலிய இரசாயனம். இயற்கை ரப்பரில் உள்ள புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருவதால் மருத்துவமனைகள் நைட்ரிலுக்கு மாறின. ஆக, கையுறைத் தொழிற்சாலையும் மற்றவர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஒருவர் நைட்ரில் திரவம் தருகிறார், இன்னொருவர் பீங்கானில் செய்த கை அச்சு, வேறொருவர் இரசாயனம், அப்புறம் பெட்டி.

டிரிப் செட்டைப் பிரித்துப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். பையைக் குத்தும் கூர்முனை, சொட்டு விழும் அறை, நீண்ட குழாய், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைப் பிடி, வடிகட்டி, கடைசியில் லூயர் இணைப்பான், எல்லாவற்றையும் மூடும் பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பிளாஸ்டிக், வெவ்வேறு இயந்திரம். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்ய எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு வழியில்லை. பாகங்களை வெளியே செய்யக் கொடுப்போம், அல்லது முழுப் பொருளையே ஓர் ஒப்பந்த உற்பத்தியாளரிடம் ஒப்படைப்போம். ஆனால் பொட்டலத்தின்மேல் உற்பத்தியாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்லவேண்டும். மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது 737-ஆவது சட்டம், இதைப் பார்த்துக்கொள்கிறது. நாக்கை அழுத்திப் பார்க்கும் குச்சி முதல் இதய வால்வு வரை, ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்க முடியாது. பதிவான கருவிகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நான் ஒரு புதிய நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் திறப்பது அதைத்தான்.

சரி, எப்படித் தேடுவது? ஷா ஆலாம், கிள்ளான், பூச்சோங் பக்கம் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. காருக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பாகம் செய்பவர்கள். மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்தின் பெயர்ப் பட்டியல், மாட்ரேட் வைத்திருக்கும் ஏற்றுமதியாளர் விவரம், கண்காட்சிகள் என்று பெயர்களைச் சேர்க்கலாம். ஆண்டுதோறும் நவம்பரில் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் மெடிக்கா கண்காட்சி நடக்கும்போது, பக்கத்து மண்டபங்களில் காம்பமெட் என்று உதிரிப் பாகக்காரர்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடக்கிறது. நான் இதுவரை போனதில்லை. எங்கள் முதலாளி அந்த விமான டிக்கெட்டுக்கு மனம் வைக்கவேண்டும்.

பெயர்கள் கிடைப்பது எளிது, வடிகட்டுவதுதான் வேலை. நான் பன்னிரண்டு நிறுவனங்களுக்கு எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. எங்கள் ஆர்டர் அவர்களுக்குக் கொசுறு. மீதிப் பேரிடம் ஐ.எஸ்.ஓ. 13485 சான்றிதழ் கேட்டேன். மருத்துவக் கருவித் துறைக்கான தர நிர்வாகத் தரம் அது. இரண்டு பேர் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழை அனுப்பி அதுவும் இதுவும் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றல்ல. 9001 எந்தத் தொழிலுக்கும் பொது. 13485-இல் இடர் நிர்வாகம், எந்தத் தொகுதிப் பொருள் எந்தத் தொகுதி மூலப்பொருளில் செய்தது என்று பின்னோக்கித் தேடும் பதிவுகள், தூய்மைக் கட்டுப்பாடு எல்லாம் கறாராக உண்டு. இன்னொரு நிறுவனம் சரியான சான்றிதழைத்தான் அனுப்பியது. ஆனால் அதில் சிறிய எழுத்தில், எந்தப் பணிக்கு இந்தச் சான்றிதழ் என்ற இடத்தில், "சேமிப்பும் விநியோகமும்" என்று இருந்தது. வாங்கி விற்பதற்கு வாங்கிய சான்றிதழ், உற்பத்திக்கு அல்ல. சான்றிதழைப் பார்த்தால் மட்டும் போதாது, முழுக்கப் படிக்கவேண்டும். படித்தபின் அதை வழங்கிய அமைப்பிடம் செல்லுபடியாகுமா என்று கேட்கவேண்டும்.

மூன்று இடங்களுக்கு நேரில் போனேன். கூட்ட அறையில் காட்டும் விளக்கப்படங்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. கிளீன் ரூம் என்னும் தூய அறைக்குள் காற்றில் எவ்வளவு தூசித் துகள் இருக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 8-ஆம் நிலை என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதைவிடப் பெரிய துகள்கள் 35 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கேட்க அதிகமாகத் தோன்றும். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அறையில் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும். ஓர் ஆலையில் அந்த அளவெல்லாம் சுவரில் ஒட்டியிருந்தார்கள், கதவைத்தான் அட்டைப்பெட்டி முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் வார்ப்பில் மிஞ்சும் பிளாஸ்டிக் காம்புகளை அரைத்து மறுபடி மூலப்பொருளில் கலந்துகொண்டிருந்தார்கள். வாளி செய்ய அது தப்பில்லை. மருத்துவப் பாகத்துக்கு எங்களைப் போன்றவர்கள் அதை ஒப்பந்தத்திலேயே தடை செய்துவிடுவோம்.

நான் எல்லா இடத்திலும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: கடைசியாக எந்தச் சரக்கை நீங்களே நிராகரித்தீர்கள், ஏன்? எங்களிடம் குறையே வராது என்று மார்தட்டுகிற இடத்தில் நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மூன்றாவது இடத்தின் தவுக்கே எழுந்து போய் ஒரு கோப்பை எடுத்துவந்து, போன மாதம் ஒதுக்கிய சரக்கின் படங்களைக் காட்டினார். 16 குழி கொண்ட அச்சில் 11-ஆம் குழியில் மட்டும் பிசிறு வந்திருக்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் குழி எண் பொறிக்கப்பட்டிருந்ததால் அந்த ஒரு குழியை அடைத்துவிட்டு மற்றதை ஓட்டியிருக்கிறார்கள். அவரிடம்தான் ஆர்டர் கொடுத்தோம்.

முதல் இரண்டு சோதனைத் தொகுதிகளும் நன்றாக வந்தன. மூன்றாவதில்தான் சிக்கல்.

இங்கே கொஞ்சம் வேதியியல் தேவை. எங்கள் இணைப்பான் பாலிபுரோப்பிலீனில் செய்வது. பொட்டலம் போட்டபின் காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கம் செய்கிறோம். கோபால்ட்-60 தனிமத்திலிருந்து வரும் கதிர் அட்டைப்பெட்டியைத் திறக்காமலே உள்ளேயிருக்கும் கிருமிகளைக் கொல்லும். நம் நாட்டில் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தின் சினகாமா நிலையம் இந்தச் சேவையைத் தருகிறது. ஆனால் கிருமியை உடைக்கும் அதே கதிர் பாலிபுரோப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் அறுக்கும். சாதாரண ரகம் மஞ்சளாகி, நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கொடுமை என்னவென்றால், கதிர் பட்ட அன்றே அது தெரியாது. உள்ளே தங்கிவிட்ட துடிப்பான மூலக்கூறுத் துண்டுகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தம் வேலையைத் தொடரும். அதனால் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்த தனி ரகத்தைத்தான் பயன்படுத்தவேண்டும். விலை கூடுதல்.

மூன்றாவது தொகுதி அளவுச் சோதனையில் தேறியது. நிறம் சரி, எடை சரி, கூம்பின் சாய்வு சரி. வழக்கம்போலக் கதிர் பாய்ச்சி, ஒரு பங்கை 55 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்தோம். வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் முதுமை இரட்டிப்பு வேகத்தில் வரும் என்பது துறையில் வைத்திருக்கும் கணக்கு. 25 பாகையோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு வேகம், அதாவது ஏறக்குறைய 45 நாளில் ஓராண்டு முதுமை. நான்காவது வாரம் எடுத்துத் திருகிப் பார்த்தபோது, பூட்டும் இடத்தில் மெல்லிய வெடிப்பு. பத்தில் மூன்று அப்படி. நோயாளியின் கையில் இது நடந்தால் மருந்து சொட்டிச் சட்டையை நனைக்கும், அல்லது காற்று உள்ளே போகும். குழந்தைகள் வார்டில் மணிக்கு மூன்று நான்கு மில்லிலிட்டர் மட்டும் ஏறும் மருந்து கசிந்தால், நர்ஸ் கவனிக்கும்முன்பே பாதி மருந்து போயிருக்கும்.

அதே வாரம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு முதல் சரக்கு அனுப்பவேண்டும். அலுவலகத்தில் என்னிடம் நேராகவே கேட்டார்கள்: அடுப்புச் சோதனை பல மாதம் கழித்து வரப்போவதைத்தானே காட்டுகிறது, அவர்கள் மூன்று மாதத்தில் பயன்படுத்திவிடுவார்களே, கையொப்பம் போட்டால் என்ன? பொட்டலத்தில் மூன்றாண்டு ஆயுள் என்று அச்சிட்டிருந்தோம். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் எத்தனை காலம் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கையொப்பம் போடவில்லை. சரக்கு ஏழு வாரம் தாமதமாகப் போனது. அந்த ஏழு வாரமும் அலுவலகத்தில் என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் குறைவு.

காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அந்த வார்ப்பு ஆலையின் இரவு மேற்பார்வையாளர், காப்பாரைச் சேர்ந்த அண்ணன் ஒருவர். "மூட்டையோட கலரு மாறியிருந்துச்சு தங்கச்சி. கேட்டேன். ஒரே சாமான்தான், ஸ்டாக் இல்லைன்னு வேற மூட்டை வந்திருக்குன்னு சொன்னாங்க. நான் புத்தகத்துல எழுதி வச்சிருக்கேன்" என்றார். எழுதி வைத்திருந்தார், மூட்டை எண்ணோடு, தேதியோடு. மூலப்பொருள் வியாபாரி சாதாரண ரகத்தை மாற்றி அனுப்ப, கொள்முதல் பிரிவு ஒரே பெயர்தானே என்று ஏற்றிருக்கிறது. அந்தக் கையெழுத்து இல்லாமல் போயிருந்தால் நாங்கள் அச்சையும் இயந்திரத்தையும் மாதக்கணக்கில் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம். அந்த ஆலையை நாங்கள் கைவிடவில்லை. எதை மாற்றினாலும், மூட்டையின் நிறம் மாறினால்கூட, எழுத்தில் தெரிவித்து எங்கள் சம்மதம் வாங்கவேண்டும் என்று தர ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தோம். உற்பத்தி தொடங்கும்முன் அந்த அண்ணனின் கையொப்பமும் வேண்டும் என்று கேட்டோம். தவுக்கே ஒப்புக்கொண்டார்.

சின்னப் பாகம் பெரிய நிறுவனத்தையும் கவிழ்க்கும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கான சி-பாப் கருவிகளையும் சில சுவாசக் கருவிகளையும் உலகெங்கும் திரும்பப் பெற அறிவித்தது. மோட்டார் பழுதில்லை, மின்சுற்றும் பழுதில்லை. சத்தத்தைக் குறைப்பதற்காக உள்ளே வைத்த பாலியூரித்தேன் நுரைப் பஞ்சு சிதைந்து, அதன் துகள்களை நோயாளி மூச்சோடு இழுக்கக்கூடும் என்பதே காரணம். பல லட்சம் கருவிகள். அந்தப் பஞ்சை ஒருகாலத்தில் யாரோ ஒருவர், என்னைப் போன்ற ஒருவர், ஏதோ ஒரு விநியோகிப்பாளரிடமிருந்து தேர்ந்தெடுத்திருப்பார்.

ஆலையைப் பார்க்கப் போகும்போது இப்போது நான் தொழிலாளர் விடுதியையும் பார்க்கிறேன். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை டாப் கிளவ் குழுமத்தின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்து வைக்க உத்தரவிட்டது. கோவிட் உச்சத்தில் இருந்த நேரம், உலகமே கையுறைக்கு வரிசையில் நின்ற நேரம். கையுறையில் ஓட்டை என்பதல்ல புகார். கடன் சுமையில் சிக்கிய வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை கட்டாய உழைப்பின் அடையாளம் என்பதுதான். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. இடையில் நிறுவனம் தொழிலாளர்கள் கட்டியிருந்த ஆள்சேர்ப்புக் கட்டணமாக 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. கடனோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தப் புகாரை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது, ஓர் அறையில் எத்தனை பேர், சம்பளச் சீட்டு அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா என்று கேட்பது இன்று விநியோகிப்பாளர் சோதனையின் பகுதி.

இந்த வேலைக்கு எதைப் படிக்கவேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு: ஒரே வழி என்று இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது. ஷா ஆலாமில் உள்ள சுல்தான் சலாஹுடின் பாலிடெக்னிக்கில் மருத்துவ மின்னணுவியல் டிப்ளோமா உண்டு. கோம்பாக்கில் உள்ள யூனிகே.எல். கல்லூரியிலும் அதே துறை இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்துக் கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் அச்சு தயாரிப்பு படிக்கலாம். மைக்ரான் கணக்கில் இரும்பைச் செதுக்கத் தெரிந்தவர் கிடைக்காமல் ஆலைகள் தவிக்கின்றன. வேதியியல் படித்தவர், புள்ளியியல் படித்தவர், ஏன், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த சட்ட மாணவர்கூட இங்கே தேவை. வடக்கே பினாங்கில் 1972 முதல் இருக்கும் பி. பிரவுன் தொடங்கி, கூலிம், தைப்பிங் வரை மருத்துவக் கருவி ஆலைகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சிக்கு அங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிக்கும்போது தரப் பிரிவோ கொள்முதல் பிரிவோ வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாகப் பொறியியல் பிரிவு என்று எழுதினால் ஒளிநகல் எடுக்கும் வேலையில் உட்காரவைத்துவிடும் இடங்களும் உண்டு. நேர்காணலுக்குப் போகும் முன்பு வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் ஏதாவது ஒரு கருவியை, வெப்பமானியோ ரத்த அழுத்தமானியோ, எடுத்து அதன் அட்டையில் உள்ள பதிவு எண்ணை மருத்துவக் கருவி ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். எந்த வகுப்பு, யார் உற்பத்தியாளர், மலேசியாவில் யார் பொறுப்பு என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். போன ஆண்டு எங்களிடம் வந்த பயிற்சி மாணவி ஒருவர், ஈஜோக்கைச் சேர்ந்தவர், நேர்காணலில் தன் பாட்டியின் ரத்த அழுத்தமானியைப் பற்றி இப்படித்தான் பேசினார். இப்போது அடுப்புச் சோதனைப் பதிவேட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.